ஜப்பானில் கிராமப் பள்ளியிலிருந்து டோக்கியோவுக்கு: எதை முதலில் செய்வது?

ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்தில், கல்வி வாரியத்தின் நேரடி நியமனத்தில் ஆங்கில உதவி ஆசிரியராக இருக்கிறீர்கள். வரும் மார்ச்சோடு 2 ஆண்டு முடிகிறது. டோக்கியோவில் ஆசிரியர் வேலை தேடிக்கொண்டு போகலாமா, எதில் தொடங்குவது, போன பிறகு வருத்தப்படுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். நானும் நாகானோ மாகாணத்தின் வடக்கே ஒரு பனி கொட்டும் கிராமத்தில் 4 ஆண்டு இருந்துவிட்டு 2022 மார்ச்சில் டோக்கியோ வந்தவன். வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. வந்த விதத்தில் சில இடங்களில் பணமும் தூக்கமும் வீணாகப் போயின. அவை உங்களுக்கு வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் உங்கள் வீடு, விசா, மருத்துவக் காப்பீடு எல்லாமே அந்த ஒரே வேலையோடு முடிச்சுப் போட்டவை. வேலையை விட்ட அன்று எல்லா முடிச்சும் ஒரே நேரத்தில் அவிழும். நகரத்தில் நாலைந்து மாதம் வேலை தேடி அலையலாம் என்பது உள்ளூர்க்காரருக்குச் சரி, நமக்குச் சரிவராது. விசாவுக்குரிய வேலையைத் தகுந்த காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் செய்யாமல் இருந்தால் அந்த விசாவை ரத்து செய்ய ஜப்பானியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே முதலில் கையெழுத்தான ஒப்பந்தம், அடுத்து விசா காகிதம், அதற்கு அப்புறம்தான் வீடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நிதியாண்டு ஊழியர் முறைப்படி உள்ளாட்சிகள் எடுக்கும் உதவி ஆசிரியர்களின் ஒப்பந்தம் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும். ஜப்பானியப் பள்ளி ஆண்டும் அதேதான். எனவே மார்ச் 31 இங்கே முடித்து ஏப்ரல் 1 அங்கே சேர முடியும். வெளிநாட்டினரை உதவி ஆசிரியர்களாக ஜப்பான் அழைத்துவரும், 1987 முதல் நடக்கும் ஜெட் எனும் அரசுத் திட்டத்தில் வந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் ஒப்பந்தம் ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் முடியும். அது பள்ளிகளில் ஆள் எடுப்பு அடங்கிப்போன காலம்.

ஏப்ரல் வேலைகளுக்கான ஆள் எடுப்பு நவம்பர் வாக்கில் சூடுபிடித்து பிப்ரவரியில் அடங்கும். அக்டோபரிலேயே சான்றிதழ்களைத் தயார் செய்யுங்கள். பட்டச் சான்றிதழ், கல்வி வாரியத்திலிருந்து பணிச் சான்று, நீங்கள் ஆங்கில வழியில் 12 ஆண்டு படித்ததற்கான சான்று. இந்த மூன்றாவது காகிதம் நம்மைப் போன்றவர்களுக்கு உயிர்நாடி. ஆசிரியர் விசாவில் அயல்மொழி கற்பிக்க அந்த மொழியில் 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. முதல் முறை விசா எடுத்தபோது கொடுத்தோமே என்று விட்டுவிடாதீர்கள், புதிய இடத்திலும் கேட்பார்கள். நான் கடைசி நேரத்தில் ஊருக்குப் போன் போட்டு, பள்ளி அலுவலகத்தில் ஆள் பிடித்து, கூரியர் வர 3 வாரம் காத்திருந்தேன்.

இனி வேலை வகைகள். டோக்கியோவில் ஆசிரியர் வேலை என்றாலே எல்லாம் ஒன்று இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டு நிறுவனங்கள், எய்காய்வா எனப்படும் தனியார் ஆங்கில உரையாடல் வகுப்புகள், தனியார் பள்ளிகளின் நேரடி வேலை, அப்புறம் சர்வதேசப் பள்ளிகள். கிடைப்பதில் எளிது முதல் இரண்டு. ஏமாற வாய்ப்பு அதிகமும் அவற்றில்தான்.

நான் டோக்கியோவில் முதலில் சேர்ந்தது ஒரு ஏற்பாட்டு நிறுவனத்தில். மாதம் 2,30,000 யென் என்றார்கள். சரி, கிராமத்தில் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்ட் சம்பளம் வந்தபோது கணக்கில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், பள்ளி விடுமுறை மாதங்களில் வேலை நாள் கணக்குப்படி சம்பளம் குறையும் என்று ஒரு வரி. ஜப்பானிய மொழியில் இருந்த அந்த வரியைப் படிக்க எனக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் படிக்கவில்லை. டிசம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களும் அப்படியே. ஆண்டு முழுவதையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் என் உண்மையான மாதச் சம்பளம் 2 லட்சத்தைத் தொடவில்லை. எனவே நேர்முகத்தில் மாதச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேராதீர்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது: வாரம் 29.5 மணி நேரம். வேலை நேரம் முழுநேரத்தில் முக்கால் பங்கைத் தொட்டால் ஊழியரை ஷாகாய் ஹோக்கென் எனும் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். வாரம் 40 மணி நேரம் முழுநேரம் என்றால் 30 மணி அந்த எல்லை. அதற்கு அரைமணி கீழே நிறுத்திவிட்டால் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் நிறுவனம் தர வேண்டிய பாதிப் பங்கை மிச்சம் பிடிக்கலாம். முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும். இன்று குறைந்த மணி நேரம் வேலை செய்வோரைக்கூடப் பெரிய நிறுவனங்கள் சேர்க்க வேண்டும் என்று விதிகள் விரிந்திருக்கின்றன. இருந்தாலும் ஷாகாய் ஹோக்கென் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கியோமு இதாகு என்று ஒப்பந்தத் தலைப்பில் இருந்தால் நீங்கள் ஊழியரே அல்ல, வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர். விடுப்பு, காப்பீடு எதுவும் கிடையாது. என் கருத்து கேட்டால், கிராமத்தில் இருக்கும் நல்ல வேலையை விட்டு அதற்குப் போகாதீர்கள்.

உங்களிடம் பி.எட். இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஏற்பாட்டு நிறுவனங்களோடு நிற்காதீர்கள். டோக்கியோவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு. இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் இன் ஜப்பான் 2004-இலும், குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூல் 2006-இலும் அங்கே தொடங்கப்பட்டவை. அங்கே நீங்கள் உதவி ஆசிரியர் அல்ல, வகுப்பு முழுவதும் உங்கள் பொறுப்பு. கணக்கு, அறிவியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஜப்பானியத் தனியார் பள்ளிகள் விஷயத்தில், உங்கள் பாடத் திறமையைப் பார்த்து மாகாணக் கல்வி வாரியம் தரும் சிறப்பு ஆசிரியர் உரிமம் ஒன்று இருக்கிறது. நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, வேலை தரும் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்பது தவறே இல்லை.

சில விளம்பரங்களில் ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும் என்று இருக்கும். மனம் கசக்கும். ஆனால் ஒரு கிராமத்தில் 2 ஆண்டு பிள்ளைகளோடு நின்று வேலை பார்த்தவர் என்பதற்கு அந்த விளம்பரத்தைப் போட்டவர்களிடம்கூட மதிப்பு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் தரும் பாடமாகிவிட்டது. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவத்துக்கு அதனால் தேவை கூடியிருக்கிறது. நீங்கள் தயாரித்த பாடத்திட்டங்களையும் அட்டைகளையும் ஒரு கோப்பாக எடுத்துப் போங்கள். மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லும்போது கை நடுங்காது.

விசாவுக்கு வருவோம். ஸைர்யூ அட்டை எனும் உங்கள் வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையில் இப்போது கியோயிகு, அதாவது இன்ஸ்ட்ரக்டர் என்று இருக்கும். முன்பு சொன்ன ஆசிரியர் விசா அதுதான். ஒரு அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு, ஏற்பாட்டு நிறுவனம் வழியாகவே போனாலும், அந்த விசாவே செல்லும். பழைய இடம் முடிந்ததையும் புதிய இடம் தொடங்கியதையும் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும், இணையத்திலேயே செய்யலாம். எய்காய்வாவுக்குப் போவதானால் கதை வேறு. அதற்கு கிஜின்கோகு என்று சுருக்கிச் சொல்லும் ஹியூமானிட்டீஸ் விசா வேண்டும். மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகுதான் அங்கே ஒரு வகுப்பாவது எடுக்கலாம். மார்ச்சில் அலுவலகங்களில் கூட்டம் நெரியும், முடிவு வர ஒன்று இரண்டு மாதம் ஆகலாம். ஜனவரிக்குள் ஒப்பந்தம் கையில் இருந்தால் நிம்மதி. இரண்டு வேலையும் சேர்த்துச் செய்ய நினைத்தால் தனி அனுமதி தேவை. மாலையில் ஒரு மணி நேரம்தானே என்று அனுமதி இல்லாமல் வகுப்பு எடுத்து, விசா நீட்டிப்பில் சிக்கிக்கொண்டவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கல்வி வாரியத்தில் சொல்லிவிடுங்கள். பொதுவாக நவம்பர், டிசம்பரிலேயே அடுத்த ஆண்டு இருப்பீர்களா என்று கேட்பார்கள். அப்போது முடிவாகவில்லை என்றால் முடிவாகவில்லை என்றே சொல்லலாம். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மார்ச்சில் கிளம்பாதீர்கள். சின்ன கிராமத்துக்கு மாற்று ஆசிரியர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பிள்ளைகள்தான் ஆசிரியர் இல்லாமல் இருப்பார்கள்.

அடுத்தது வீடு. உங்களுக்கு மனதளவில் பெரிய அடி இங்கேதான் விழும். கிராமத்தில் எனக்கு ஆசிரியர் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள்: மூன்று அறை, வாசலில் காய்கறிப் பாத்தி, வாடகை 10,000 யென். டோக்கியோவில் எடோகாவா வட்டாரத்தில் ஆறு பாய் விரிக்கும் அளவுள்ள ஒற்றை அறைக்கு 72,000 யென். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. அதற்கு முன்னால் கையில் எடுத்துவைக்க வேண்டிய தொகை இன்னும் பெரியது. திருப்பித் தரும் முன்பணம் ஷிகிகின், திரும்பவே வராத நன்றித் தொகை ரெய்கின், தரகுக் கூலி, முதல் மாத வாடகை, உத்தரவாத நிறுவனக் கட்டணம், தீக்காப்பீடு, சாவி மாற்றும் செலவு. எல்லாம் சேர்ந்து நாலைந்து மாத வாடகை ஆகிவிடும். எனக்கு 3,40,000 யென் ஆனது. போகும் முன் வண்டிச் செலவும் சேர்த்து 5 முதல் 6 லட்சம் யென் சேமிப்பு இருக்கட்டும். கிராமத்தில் இருக்கும் கடைசி ஆண்டை இதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வந்த பிறகு சேர்ப்பது கடினம்.

வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுப்பார்கள். 2016-இல் ஜப்பானிய நீதி அமைச்சகம் நடத்திய ஆய்வில், முந்தைய 5 ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் தாங்கள் வெளிநாட்டவர் என்பதால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். எனக்குத் தரகர் என் எதிரிலேயே போன் செய்தார். பெயர், வேலை, சம்பளம் எல்லாம் சொன்னார். கடைசியில் வெளிநாட்டவர், ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவார் என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, அவர் போனை வைத்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். நாலு முறை இப்படி. ஐந்தாவது வீட்டு உரிமையாளர் சரி என்றார். உங்களைத் தனிப்பட்ட முறையில் வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சோர்ந்துபோகாதீர்கள், நாலைந்து மறுப்புக்கு முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் யூ.ஆர். வீடுகளைப் பாருங்கள். பொதுத்துறை அமைப்பின் வாடகைக் குடியிருப்புகள். ரெய்கின், தரகு, உத்தரவாதம் எதுவும் கிடையாது, வெளிநாட்டவருக்கும் அதே விதிகள்தான். வாடகைக்கு ஏற்ற வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும், கட்டடம் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அங்கேயே போயிருப்பேன்.

எந்த வட்டாரம் என்று கேட்டீர்கள். எடோகாவா வட்டாரத்து நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகை, கோயில், பேச்சுத்துணை எல்லாம் கிடைக்கும். ஆனால் பள்ளி ஒதுக்கீடு தெரியாமல் வீடு பிடிக்காதீர்கள். ஏற்பாட்டு நிறுவனங்கள் சில நேரம் மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் பள்ளியைச் சொல்லும். அவசரப்பட்டுப் பிடித்துவிட்டு நகரத்தின் மறுகோடிக்கு ஒதுக்கினால் காலை 5 மணிக்கே எழ வேண்டிவரும். அப்படிப்பட்ட நிலையில் ஒரு மாதம் ஷேர் ஹவுஸில் தங்கி, பள்ளி தெரிந்த பிறகு வீடு தேடுவது நல்லது. வீட்டுச் சாமான் மாற்றும் வண்டியும் மார்ச் கடைசி இரண்டு வாரம் எளிதில் கிடைக்காது, கூலியும் ஏறிவிடும். நாடே வீடு மாறும் காலம் அது. பிப்ரவரியிலேயே நாளைக் குறித்துவிடுங்கள். சாமான் குறைவாக இருந்தால் பெட்டிகளைத் தபாலில் அனுப்பிவிட்டு ரயிலில் போய்ச் சேரலாம்.

மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவர வேண்டாம். கிராமத்தில் அது இல்லாமல் குளிர்காலம் இல்லை, நகர அடுக்ககங்கள் பலவற்றில் அதற்குத் தடை. என்னுடையதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பனிக்கால டயர்களையும் காரோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.

கார் என்றதும் ஒரு தேதி: ஏப்ரல் 1. அன்று யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவர் அந்த ஆண்டின் முழு வரியையும் கட்ட வேண்டும். சின்ன கெய் கார் என்றால் 10,800 யென், அதற்கு மாதக் கணக்கில் திருப்பித் தருவதும் கிடையாது. மார்ச் 31-க்குள் விற்றால் மட்டும் போதாது, பெயர் மாற்றமும் முடிந்திருக்க வேண்டும். அடுத்து வரும் உதவி ஆசிரியருக்கே விற்பதுதான் நல்லது. வந்த முதல் வாரம் கார் இல்லாமல் மலையில் மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளம்பும் முன் கிராம அலுவலகத்தில் தென்ஷுட்சு தொடொகே எனும் வெளியேறும் பதிவு, டோக்கியோவில் குடியேறிய 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் தென்ன்யூ தொடொகே எனும் நுழைவுப் பதிவு. ஸைர்யூ அட்டையையும் மை நம்பர் எனும் அடையாள எண் அட்டையையும் எடுத்துப் போங்கள், புதிய முகவரியைப் பதிந்து தருவார்கள். ஜூமின்ஸெய் எனும் குடியிருப்பு வரியில்தான் பலர் குழம்புகிறார்கள். ஜனவரி 1 அன்று எங்கே இருந்தீர்களோ அந்த ஊருக்குத்தான், போன ஆண்டு வருமானத்துக்கு, வரி. எனவே மே வரைக்கும் பாக்கியுள்ள வரி கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப்படும், மார்ச் சம்பளம் குறைவாக வந்தால் பதறாதீர்கள். ஜூன் மாதம் புதிய தவணைக்கும் கிராமத்தின் உறைதான் வரும். டோக்கியோவில் இருந்துகொண்டு கிராமத்துக்கு ஓராண்டு வரி கட்டுவீர்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது.

வருத்தப்படுவேனா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கிராமத்தில் என் 6-ஆம் வகுப்பில் 7 பிள்ளைகள். ஒவ்வொருவர் குரலும் எனக்குத் தெரியும், யாருக்கு எந்த எழுத்தில் நாக்கு புரளாது என்பதும் தெரியும். டோக்கியோவில் ஒரு வகுப்பில் 35 பேர், வாரத்தில் இரண்டு மூன்று பள்ளி, ஒரு நாளில் ஐந்து ஆறு வகுப்பு. முதல் பருவம் முடிந்தும் எனக்கு 10 பெயர்கூட மனதில் நிற்கவில்லை. கற்பிக்கும் வேலையை இப்படிச் செய்வது நியாயமா என்று ஜூன் மழைக்காலத்தில் தினமும் ரயிலில் யோசித்தேன். கிராமத்தில் எல்லாருக்கும் நான் சென்ஸெய், அதாவது ஆசிரியர். அதிகாலையில் வாசலில் முள்ளங்கி கட்டு இருக்கும், யார் வைத்தார்கள் என்று மண்ணின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மாலை 5 மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தால் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். நகரத்தில் என் பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்பது ஓராண்டு வரை எனக்குத் தெரியாது.

இது பழகிவிடும் என்று சொல்லமாட்டேன், அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். நான் வகுப்புக்கு ஒரு இருக்கை வரைபடம் வரைந்து, தினமும் ஐந்து பிள்ளைகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தேன். மதிய உணவை ஆசிரியர் அறையில் சாப்பிடாமல் வகுப்பில் பிள்ளைகளோடு சாப்பிட அனுமதி கேட்டேன், தந்தார்கள். இரண்டாம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் நேரடி வேலை தரும் ஒரு பள்ளிக்கு மாறினேன். இப்போது ஒரே கட்டடம், ஒரே பிள்ளைகள். நகரம் பெரிதாக இருந்தாலும் என் நாள் மறுபடி சின்னதாகிவிட்டது, எனக்கு அது போதும். உங்களுக்கு நேரடி வேலை முதலிலேயே கிடைத்தால் சம்பளம் 10,000 யென் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள். கிடைக்கவில்லை, 29.5 மணி ஒப்பந்தங்கள்தான் வருகின்றன என்றால் இன்னும் ஓராண்டு கிராமத்திலேயே இருந்து சேமித்து, ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 எனும் நிலையை முடித்துவிட்டுத் தேடுங்கள். அந்த ஓராண்டு வீணாகாது. எனக்கு வீடும் பள்ளியும் கிடைத்ததில் என் ஜப்பானிய மொழிக்குத்தான் பெரிய பங்கு. அதைக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிராமம்.

கடைசியாக ஒன்று. மார்ச் கடைசி வாரத்தில் பல பள்ளிகளில் ரினின்ஷிகி நடக்கும், மாற்றலாகிப் போகும் ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் கூட்டம். மேடையில் உங்களையும் நிறுத்துவார்கள், ஒரு பிள்ளை காகிதத்தில் எழுதிவைத்ததை ஆங்கிலத்தில் வாசிக்கும். பள்ளி முதல்வரிடம் அந்தத் தேதியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமான் வண்டியை அதற்கு மறுநாளைக்குச் சொல்லுங்கள்.